எங்கள் அணி இந்த முறையும் கடைசி, மச்சாள்

மச்சாள்,

நேற்றுக் காலை மல்லிக்கோப்பிக்குக் கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். வேர்க்கொம்பும் மிளகும் சேர்ந்து மணம் எழும்பிய நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது. கூடைப்பந்து டிராஃப்டில் எங்கள் அணி ஒருவனை எடுத்துவிட்டதாம். செய்தியை வாசித்துக்கொண்டு நின்றதில் அடுப்பைக் குறைக்க மறந்து, மல்லி கொஞ்சம் கருகிவிட்டது. "மச்சாள், எடுத்திட்டாங்கள்" என்று கூப்பிட வாயெடுத்த பிறகுதான் நினைவு வந்தது. நீங்கள் போய் இது மூன்றாவது கோடை. ஆனாலும் அந்த மணம் வந்தால் நீங்கள் முன்னறையில் இருக்கிறீர்கள் என்றுதான் என் வாய் இன்னும் நம்புகிறது.

உங்கள் கணவர் இறந்த பிறகு, ஜேர்மனியில் அக்கா தனியே இருக்கக் கூடாது என்று உங்கள் தம்பி ஒற்றைக்காலில் நின்று உங்களை எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். உங்கள் தம்பியைக் கட்டி அத்தனை வருடமாகியும் உங்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கலியாண வீடுகளில் கண்ட முகம், தொலைபேசியில் கேட்ட குரல், அவ்வளவுதான். கோயிலுக்குப் போவீர்கள், பின்னேரங்களில் நாடகம் பார்ப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். வந்த இரண்டாம் நாள் காலையில் மல்லிக்கோப்பியும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, இரவு அமெரிக்காவில் நடந்த கூடைப்பந்தாட்டத்தின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அறுபதை நெருங்கிய பெண். தலையில் நரை, காலில் கம்பளிக் காலுறை. "விடடா, விடடா, பந்தை அவனிட்ட விடடா" என்று யாரோ ஏழடி மனிதனை அதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று அந்த அணி படுமோசமாகத் தோற்றது. அடுத்த ஆட்டமும் தோல்வி. அதற்கடுத்ததும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், "மச்சாள், பாக்கிறதுதான் பாக்கிறியள், வெல்லுற ரீமாப் பாத்து ஒண்டைப் பிடிக்கக் கூடாதோ?"

"வெல்லுறவையைப் பாக்க ஊரே நிக்குது. இவங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றீர்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அணிக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடியவர் நீங்கள். ஜேர்மனியில் அகதியாகப் போய் இறங்கியபோது, எந்த ஊரில் இருப்பது என்பதை அதிகாரிகள்தான் பிரித்துக் கொடுப்பார்களாம். "ஒராள் வந்து ஒரு பேரைச் சொன்னான். நான் அது அவன்ரை பேரெண்டு நினைச்சு, என்ரை பேரைச் சொல்லிக் கையைக் குடுத்தன். அது ஊரின்ரை பேர்!" என்று சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது. அந்தச் சின்ன ஊரில், பாஷை தெரியாமல் திரிந்த நாட்களில், விளையாட்டு மண்டபத்தில் பெண்கள் பந்தாடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறீர்கள். ஒருத்தி கதவைத் திறந்து பந்தை உங்களிடம் எறிந்தாள். நீங்கள் அதைக் கூடையில் போட்டீர்கள். அந்த ஊரில் உங்கள் பெயரை முதலில் பிழையில்லாமல் சொன்னவர்கள் அவர்கள்தானாம். கதவைத் திறந்தவளின் தம்பி பின்னாளில் வளர்ந்து, டிராஃப்டில் இந்த அமெரிக்க அணிக்குத் தெரிவானபோது ஊர் முழுக்க அந்த மண்டபத்தில் கூடி ஆரவாரித்தது. அவன் அங்கே சில வருடங்கள்தான் ஆடினான். முழங்கால் போய் ஊருக்குத் திரும்பிவிட்டான். நீங்கள் மட்டும் அந்த அணியை விட்டு வரவில்லை.

எனக்கு டிராஃப்ட் என்றால் என்னவென்று விளக்கியதும் நீங்கள்தான். கடைசியில் வந்த அணிகளுக்குத்தான் புதிய பிள்ளைகளை முதலில் தெரிவு செய்யும் வாய்ப்பு. அதிலும் யார் முதல், யார் இரண்டாவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கி எடுப்பார்கள். "தோத்தவைக்கு முதல் பந்தி. நல்ல சட்டம்தானே?" என்றீர்கள். அந்த வருடம் எங்கள் அணிதான் எல்லோருக்கும் கீழே. ஆகவே முதல் தெரிவு எங்களுக்கே என்று நம்பியிருந்தீர்கள். அதற்குள் நானும் "எங்கள் அணி" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன் என்பதைக் கவனித்தும் கவனியாததுபோல இருந்தீர்கள். குலுக்கலில் நாங்கள் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினோம். உங்கள் தம்பி கதவடியில் நின்று, "அக்கா, உங்கடை ஆக்கள் தோக்கிறதிலயும் தோத்துப்போனாங்கள்" என்றார். நீங்கள் குஷனை எடுத்து எறிந்தீர்கள். குறி தப்பவில்லை.

ஐந்தாவதாக எடுத்த பெடியனை ஒருவருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்னக் கழகத்தில் ஆடியவன். மெலிந்த உடம்பு, கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. இணையத்தில் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இவனை எடுத்தவர்களை வேலையை விட்டுக் கலைக்க வேண்டும் என்று எழுதினார்கள். நான் அதையெல்லாம் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதை மூடு பிள்ளை" என்றீர்கள். "பெடியன்ரை முகத்தைப் பார். எந்த ஊருக்குப் போறனெண்டு அவனுக்கே இப்பதான் தெரியும். அதுக்குள்ளை இவையள் அவனைக் கலைக்கினம்."

அதே கோடையில்தான் உங்கள் வயிற்றுவலிக்குப் பெயர் தெரிந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள்; உங்கள் தம்பியைக் காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தீர்கள். அவர் தாங்கமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்றபடி, "அவனுக்கு ஆறுதலாச் சொல்லுவம். இண்டைக்கு வேண்டாம்" என்றீர்கள். ஆனால் காருக்குள் ஏறி இருந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

மருந்து ஏற்ற நான்தான் கூட வருவேன். அந்த வார்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி ஒருத்தி இருந்தாள். அவர்கள் நாட்டில் கூடைப்பந்தென்றால் பைத்தியமாம். அவளுடைய அணி வருடாவருடம் கோப்பைக்குப் போட்டி போடுகிற அணி. உங்கள் கையில் ஊசியைச் செருகிக்கொண்டே, "அம்மா, இந்த வருடமாவது இருபது ஆட்டம் வெல்லுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் சீண்டுவாள். "நீ நரம்பைச் சரியாகப் பிடி, நாங்கள் வெல்லுவதைப் பிறகு பார்ப்போம்" என்று நீங்களும் அரைகுறை ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுப்பீர்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்கூடச் சிரிப்பார்.

அப்படி ஒரு நாளில்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் அணித்தலைவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். எத்தனையோ வருடம் தோற்கிற பக்கமே நின்று ஆடியவன்; வேறிடம் கேட்டுப் போகாதவன். அவனுக்குப் பதிலாக ஆட்டக்காரர் எவரையும் வாங்கவில்லை. மூன்று வருடம் கழித்து வரப்போகிற டிராஃப்டில் ஒரு தெரிவைத்தான் வாங்கினார்கள். நான் கைபேசியைப் பார்த்து வாசித்தேன். வாசித்து முடிக்கும்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. மூன்று வருடம்.

நீங்கள் மருந்துப் பையை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு, "அவன் பாவம். வீடு வாசல், பள்ளிக்கூடம் போற பிள்ளையள் எல்லாம் அங்கை. டிவியிலை பாத்துத்தான் அறிஞ்சிருப்பான்" என்றீர்கள். அணித்தலைவனைத்தான் சொன்னீர்கள். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, கடையில் பால் வாங்கச் சொல்வதுபோல, "அந்தத் தெரிவு வரேக்கை நீ பார் பிள்ளை. எடுக்கிறவன் எப்பிடி இருந்தாலும் உடனை ஏசிப் பேசாதை. ஒரு வருசம் குடு" என்றீர்கள்.

நான் ஓம் என்றேன். தாதி வந்து எங்கள் இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டு, அன்றைக்கு ஒன்றும் சீண்டாமல் போனாள்.

மெலிந்த பெடியன் முதல் மாதங்களில் பெரும்பாலும் ஆடுகள ஓரத்து வாங்கிலேயே குந்தியிருந்தான். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி நிமிடங்களில் இறக்குவார்கள். எறிந்ததெல்லாம் வெளியே போகும். நீங்கள் அப்போது படுக்கையிலேயே பார்க்கத் தொடங்கியிருந்தீர்கள். எங்கள் மகள் ஆரணி வார இறுதிகளில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, உங்கள் கட்டிலில் ஏறி இருந்து தன் மடிக்கணினியில் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவாள். ஒரு காலையில் அவன் எறிந்த பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. "மாமி, இவனுக்கு ஏலாது" என்றாள் ஆரணி. நீங்கள் அவள் தொடையில் ஒன்று போட்டீர்கள். "எறியிறானெல்லே. பயந்தவன் எறியமாட்டான்." அந்த அடியில் பலமே இருக்கவில்லை. ஆரணி குளியலறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

மாசியில் நீங்கள் போனீர்கள். அந்த வாரம் எங்கள் அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. சொல்லக் கூடாது, எனக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. நீங்கள் இல்லாத உடனேயே அவர்கள் வெல்லத் தொடங்கியிருந்தால் நான் மன்னித்திருக்கமாட்டேன்.

நேற்று வந்தது அந்தத் தெரிவுதான், மச்சாள். அணித்தலைவனைக் கொடுத்து வாங்கியது. எடுக்கப்பட்டவன் பத்தொன்பது வயதுப் பிள்ளை, அகன்ற தோள், பேட்டியில் வாய் திக்குகிறது. இவனையும் வழமைபோல ஏசிப் பேசுகிறார்கள். நான் பேசவில்லை. ஒரு வருடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் மெலிந்த பெடியனை இனி வைத்திருக்கப் போவதில்லையாம். மூன்று வருடத்தில் உடம்பு கொஞ்சம் வைத்தான், சில நல்ல ஆட்டங்கள் ஆடினான், ஒரு இரவு எங்களை வெல்லவும் வைத்தான். போதவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, போகலாம் என்றுவிட்டார்கள். அவனைப் பற்றிச் செய்தியின் கடைசியில் இந்த ஒரே ஒரு வரிதான். நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஆரணியின் கதையையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். படிப்பு முடித்து, நகரத்துக்குள் ஒரு பெரிய கட்டிட வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் சொந்தம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வரக்கூடாத நேரம். கோட்டைக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்தாள்.

"அம்மா, என்னை வைச்சிருக்கேல்லை. தகுதிகாண் காலம் முடிஞ்சுது, நான் செய்தது காணாதாம்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், எனக்குத் தமிழில் கேட்டது.

என்னைப் பெற்றவர்கள் என்னை வளர்த்த பழக்கத்தில் என் நாக்கில் வரிசையாகக் கேள்விகள் வந்து நின்றன. என்ன பிழை விட்டாய்? மற்றப் பிள்ளைகளை வைத்திருக்கிறார்களா? ஆட்களுக்கு என்ன சொல்வது? ஒன்றையும் கேட்கவில்லை. படியில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அகலம் காணாத படி; தோள் இடித்தது.

கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே அவள் கேட்டாள், "ஏனம்மா ஒண்டும் கேக்கேல்லை? மாமியெண்டா என்ன சொல்லியிருப்பா?"

யோசித்துப் பார்த்தேன். "அவையளை ரெண்டு பேச்சுப் பேசியிருப்பா. பிறகு, அடுத்தது எங்கையெண்டு கேட்டிருப்பா. எங்கையெண்டாலும் உன்னோடை வந்திருப்பா."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான். உங்கள் தம்பி வேலை முடிந்து வந்து, எங்கள் இருவரையும் படியில் கண்டு, எங்களுக்குக் கீழ்ப்படியில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

இன்று காலை ஆரணி வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை தொடங்கினாள். மொத்தமே நாலைந்து பேர், பழைய வீடுகளைத் திருத்திக் கட்டுகிறார்களாம். சம்பளமும் குறைவு, தூரமும் கூட. அது நிலைக்குமா என்று நான் கேட்கவில்லை, மச்சாள். எத்தனை மணிக்கு ரெயின் என்று மட்டும் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசல்வரை அவளோடு நடந்து போனேன்.