தேய்க்காதே என்று சொன்னவன்

6-7-81, திங்கள்

விடாத மழை. கிடங்குக்கு அரை நாள் லீவு, பார்வதியைப் பல் டாக்டரிடம் காட்ட. மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் பிடித்து எறணாகுளம், அங்கிருந்து கலூருக்கு பஸ். போட்டில் ஒழுகாத பெஞ்சு ஒன்றுகூட இல்லை.

கீழ்வரிசை முன்பல் நான்கும் ஆடுகின்றன. சனிக்கிழமை சாப்பிடும்போது ஒன்று சாய்ந்தே விட்டது. சாப்பிட்டது இட்லி!

டாக்டர் மலையாளி, மதராஸில் படித்தவர், தமிழ் பேசுகிறார். எக்ஸ்ரே எடுத்து, ஈரம் காயாத படத்தை விளக்கு முன்னால் பிடித்தார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

"பல்லு கெடலை, பாருங்க. பல்லைப் பிடிச்சு நிக்கிற தாடை எலும்புதான் கரைஞ்சு போச்சு. ஈறுக்கு அடியில அழுக்கு கல்லாட்டம் கட்டி, ஈறு புண்ணாகி, எலும்பு வரைக்கும் எறங்கியிருக்கு. ஒரு நாள்ல வந்ததில்லை இது."

"திரும்ப வளருமா?" என்றேன்.

"போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

பிறகு பா.விடம், கொஞ்சம் கோபமாகவே: "ரத்தம் வந்திருக்குமே? அப்ப என்ன செஞ்சீங்க? வாயைக் கவனிக்கத் தெரியாதா?"

பா. என்னைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். "கவனிக்கலை டாக்டர்" என்றாள்.

நடந்ததைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. கோழை.

7-7, செவ்வாய்

மழை குறைவு. கிடங்கில் ஈரம், சாக்கு எல்லாம் புழுங்கிய வாடை. குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

நடந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு பா. சொன்னாள், பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று. என் வேலை கிராம்பு தரம் பிரிப்பது. தலை உள்ளது ஒரு பக்கம், தலை போனது ஒரு பக்கம். கழித்ததில் ஒரு பிடி வீட்டுக்கு, முதலாளிக்குத் தெரிந்தேதான். தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் என்னிடம் வருவார்கள். 'கிராம்பு டாக்டர்' என்று கேலி. எனக்கு உள்ளூரப் பெருமை. அந்த மிதப்பில் சொன்னேன்: "ரத்தம் வர்ற பக்கம் தேய்க்காதே. புண்ணு ஆறட்டும். ரெண்டு கிராம்பை அடக்கிக்கோ."

அதன்பிறகு அந்தப் பக்கம் தேய்க்கவே இல்லை. புருஷன் சொன்ன சொல் தட்டாதவள். தட்டியிருக்கலாம்.

கிராம்பு வலியை மரக்கவைத்தது. வலி இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று இருந்துவிட்டோம்.

இன்னொன்று. எழுதவே கூசுகிறது. ஒருமுறை வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் காதருகே வந்து ஏதோ சொன்னாள். வாய் வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கவனித்துவிட்டாள். அன்றிலிருந்து சிரித்தால் சேலைத் தலைப்பு வாய்மேல். நான் அதை நாணம் என்று நினைத்திருந்தேன். மடையன்.

9-7, வியாழன்

டாக்டர் எடுக்கச் சொன்ன சர்க்கரை சோதனையின் முடிவு வந்தது. சர்க்கரை இல்லை. அது இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருப்பேன்.

டாக்டர் சொன்னவை, மறக்காமல் இருக்க:
— திங்கட்கிழமை நான்கு பல்லும் எடுப்பது
— மற்ற பற்களில் ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம், மூன்று நாலு தடவை போக வேண்டும்
— மெல்லிய பிரஷ். ரத்தம் வந்தாலும் விடாமல், மெதுவாக. உமிக்கரி கூடாது
— பல் எடுத்த இடத்தில் எலும்பு இன்னும் தேயும். அதனால் செட் பல் கொஞ்சம் லூசாகத்தான் நிற்கும்

சாயாவோடு முறுக்கு வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "மூணு வருசம் இருக்கும். உங்களுக்குத்தான் முறுக்குன்னா உசிராச்சே." மூன்று வருஷமாக அவள் பங்கையும் நான் தின்றிருக்கிறேன்.

12-7, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

பக்கத்து வீட்டு மேரி சேச்சி வந்தார். "சேட்டா, மோணையில சோர வருது. ரெண்டு கிராம்பு தரணும்." ஈறில் ரத்தமாம். என் கை தானாக டப்பாவுக்குப் போனது.

இழுத்துக்கொண்டேன். "கிராம்பு வேண்டாம் சேச்சி. டாக்டர்ட்ட போங்க."

"கிராம்பு டாக்டரா இதைச் சொல்றது?" என்று சிரித்தார்.

"என் பேச்சைக் கேட்டுத்தான் இவளுக்கு எலும்பு போச்சு."

உள்ளே அம்மிச் சத்தம் நின்றது. சேச்சி சங்கடப்பட்டுப் போய்விட்டார். மனம் லேசானது போல இருந்தது. இரண்டு நிமிஷம்தான்.

பா. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சேச்சிகிட்ட சொல்லிட்டீங்க. அவங்க என்ன செய்வாங்க, பாவம். அந்த டாக்டர் முன்னால அழுக்குப் பொம்பளையா நின்னது நானில்லா? அங்க சொல்லுங்க."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரைக்கப் போய்விட்டாள்.

13-7, திங்கள்

மறுபடி மழை. முதல் போட். டாக்டர் கீழ் ஈறில் ஊசி போட்டு, மரக்கட்டும் என்று கை கழுவப் போனார். போட்டில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எதுவும் நினைவில்லை.

"டாக்டர், இவ கவனிக்காம இருக்கலை. ரத்தம் வருதுன்னு அப்பவே சொன்னா. நான்தான் தேய்க்காதேன்னேன். இவ மேல தப்பில்லை."

டாக்டர் துண்டால் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

நாற்காலியிலிருந்து பா., மரத்துப்போன உதட்டோடு, குழறலாக: "ஒம்பது வருசம். அதையும் சொல்லுங்க."

சொன்னேன்.