மணிக்கூண்டு ஸ்டாப்

ஜூன் 4

நகராட்சிக்கு நூறு வயதாம். விழாவுக்கு முதல் வரைபடத்தை ஹாலில் மாட்ட வேண்டுமாம். எங்கள் பிரிவில் புதிதாக வரைபடம் போடும் வழக்கமே இல்லை. ஒரு தெரு மாறினால், அந்த அளவுக்கு ஒரு சீட்டு வரைந்து பழையதன் மேல் ஒட்டிவிடுவோம். சில இடங்களில் ஏழெட்டுச் சீட்டுகள்; அத்தனையும் உரித்தால்தான் முதல் வரைபடம் தெரியும். கடைசியாக ஒட்டியது போன மாதம், மணிக்கூண்டின் மேல். இடிக்க உத்தரவு வந்ததுமே ஒட்டிவிடுவோம், இடிப்பதெல்லாம் பிறகு.

"பார்த்து உரிங்கம்மா, அடியில இருக்கறது கிழிஞ்சிடப் போகுது" என்றார் மேலதிகாரி. இருபத்தெட்டு வருடம் ஒட்டியவளுக்குப் பாடம் நடத்துகிறார்!

ஜூன் 9

ஈரப் பஞ்சும் மழுங்கிய கத்தியுமாக நாள் போகிறது. கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் சினிமாக் கொட்டகை. அதற்கும் அடியில் ஒரு குளம்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் பஸ் கண்டக்டர். இப்போது மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் நினைவில்லை. ஆனால் ஸ்டாப்புகளைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். "குளத்தங்கரை, தானியச் சந்தை, மணிக்கூண்டு, டெப்போ. மணிக்கூண்டுல இடது பக்கம் திரும்பினா நம்ம வீடு. இதுகூடவா தெரியாது குட்டி?"

அந்தக் கணக்கில்தான் தினமும் காலையில் தனியாக நடந்துவிட்டு வருகிறார்.

ஜூன் 10

தலைவலி. குளத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் காகிதம்.

ஜூன் 17

காலை ஆறு மணிக்குப் போன அண்ணன் பத்தாகியும் வரவில்லை. பூங்கா, ஆஸ்பத்திரி, புது பஸ் நிலையம் என்று தேட வேண்டிய இடங்களைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். எல்லாம் இன்றைய ஊர்! அவர் எங்கே இந்த ஊரில் இருக்கிறார்?

எங்கள் தெரு முனைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மணிக்கூண்டு இல்லை. முந்தின நாள்தான் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள். திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நேரே போயிருப்பார். நேரே போனால் அடுத்தது டெப்போ.

டெப்போ இருந்த இடத்தில் இப்போது கார் விற்கும் கண்ணாடிக் கட்டடம். அதன் பின்வாசலில், வெயிலில், சட்டையெல்லாம் நனைந்து நின்றிருந்தார். "மணிக்கூண்டு இன்னும் வரலையே குட்டி" என்றார். அழுதுகொண்டிருந்தார். அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 18

சீட்டு ஒட்டியதே நான்தானே? அளவெடுத்து, கோடு போட்டு, பசை தடவி. ஒரு மாதம் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலியே. பாவி. என்ன பிழைப்பு இது?

ஜூலை 2

வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டேன்.

ஆகஸ்ட் 21

விழா முடிந்தது. வரைபடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போகவில்லை.

சாயங்காலங்களில் வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்காருகிறேன். அண்ணன் "டிக்கெட், டிக்கெட்" என்று வருவார். ஸ்டாப் சொன்னால் பேப்பரைக் கிழித்துக் கொடுப்பார். அந்த அரைமணி நேரம் பழைய அண்ணன்தான்.

அக்டோபர் 12

அண்ணன் என்னைக் குட்டி என்று கூப்பிட்டுப் பத்து நாளாகிறது. இன்றும் நாற்காலிகளைப் போட்டேன். வந்தார்.

"மணிக்கூண்டு ஒண்ணு குடுங்கண்ணா" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லையேம்மா" என்றார், மரியாதையாக. "ஊருக்குப் புதுசா?"

ஆமாம் என்றேன்.