மல்லிகா வளையலும் ஓ-ரிங்கும்

பங்குனி 3, திங்கள்

வாடை ஓய்ந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. வேலை: படகு ஜாக்.

மல்லிகா ஆரம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். பேரன் பிறந்து, பேர் வைத்து, எல்லாம் ஆயிற்று. பஸ்ஸில் வா என்றால் முட்டி வலி என்கிறாள். படகில் கூட்டிவருகிறேன் என்றால் சிரிக்கிறாள்.

எல்லாம் அவளைப் படகில் கொண்டுபோய் விட்ட அன்று நடந்ததால்தான். மேடான இடத்தில் புரொப்பல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட நானே கண்டுபிடித்து மாட்டிய ஜாக். பழைய டிராக்டர் சிலிண்டர், கைப்பம்பு. ஜப்பான்காரன் பார்த்தால் கும்பிடுவான். அது நடு ஏரியில் மெள்ள இறங்கி, புரொப்பல்லர் சேற்றில் குத்திக்கொண்டது. மூன்று மணி நேரம் வெயில். கூட வந்த அவள் அக்கா சொன்னது இன்னும் காதில்: "உன் வூட்டுக்காரரு கப்பலு நல்லா நங்கூரம் போடுதுடி."

சாயங்காலம் போன் போட்டேன்.

"ஜாக்கு ரெடியாயிடுச்சு மல்லி. மலையவே தூக்கும்."

"யோவ், இந்தக் கதையெல்லாம் வாணாம். ஒரு பகலு பூரா தூக்கினது தூக்கினபடி நிக்கட்டும். அப்பறம் சொல்லு, வரேன்."

இன்னும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

பங்குனி 4, செவ்வாய்

கழற்றினேன். பிஸ்டனில் இருந்த ரப்பர் ஓ-ரிங் காய்ந்த வற்றல். அளவு பார்க்கக் கருவி இல்லை. ஜன்னல் ஆணியில் அவள் கழற்றி மாட்டிவிட்டுப் போன பித்தளை வளையல். எடுத்து பிஸ்டன்மேல் போட்டால், செய்து வைத்த மாதிரி உட்கார்ந்தது! இன்ஜினியர் ஒரு மணி நேரம் எடுக்கிற வேலை. எனக்கு ஒரு நொடி.

வளையலோடு மீஞ்சூர். ரிங் கடைக்காரர்: "வளையல் கடை எதிர்ல கீது நைனா."

"என் பொண்டாட்டி கை அளவும் பிஸ்டன் அளவும் ஒண்ணுய்யா. குடு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வளையல் வட்டத்துக்குச் சரியாக ஒரு ரிங் கொடுத்தார்.

ரயிலில் வளையலைப் பையில் போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். விழுந்துவிடும் என்றுதான்.

பங்குனி 5, புதன்

புழுக்கம். பிஸ்டனைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளத்தில் ரிங் தொளதொள. இருக்கட்டும் என்று சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினேன். பம்பு அடித்தால் எண்ணெய் பக்கத்தில் வழிகிறது. திரும்பக் கழற்றிப் பார்த்தால் ரிங் அறுந்து, உரித்த இறால் தோல் மாதிரி.

பழவேற்காடு மஸ்தான் பாய் லேத்துப் பட்டறை.

"இன்னாத்த வெச்சி அளந்தே ஏகாம்பரம்?"

வளையலைக் காட்டினேன். பாய் சிரிக்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

"அளவு கரெக்ட்டுதாம்பா. ஆனா ரிங்கு பிஸ்டன் மேலயா குந்துது? பள்ளத்துல இல்ல குந்துது. பள்ளத்தோட அடிய அளக்கணும்."

அது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன். பாய் துருவைச் சீவி, பள்ளத்தைப் புதிதாகக் கடைந்து, அதற்கேற்ற ரிங்கும் கொடுத்தார். மறக்காமல் இருக்க:

சிலிண்டர் உள்ளே 60 மி.மீ. பள்ளத்தின் அடி 54.
ரிங் உள்வட்டம் 53. கொஞ்சம் இழுத்துப் போட்டால்தான் கவ்வும்.
ரிங் தடிமன் 3.55, பள்ளத்தின் ஆழம் 3. வெளியே துருத்துகிற அரை மில்லி நசுங்கித்தான் எண்ணெயை அடைக்கும்.
பள்ளத்தின் அகலம் 4.8.

"எதுக்கு பாய் அவ்ளோ அகலம்? டைட்டா வெச்சிடலாமே."

"நசுங்குற ரப்பரு எங்க போவும்? பக்கத்துல எடம் வுடணும். இல்லாங்காட்டி தேஞ்சி செத்துடும். உனக்கு எல்லாமே டைட்டா வேணும்பா."

கடைசி வார்த்தை எதற்கு என்று தெரியவில்லை. வழி முழுக்க அதே யோசனை. ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் போடுகிறேன். எப்போ வருவே, எப்போ வருவே. இன்றைக்குப் போடவில்லை. ஒன்பது மணிக்கு அவளே போட்டாள்: "இன்னா, ஒடம்பு சரியில்லியா?"

பங்குனி 6, வியாழன்

வெயில் காலையிலேயே. சிலிண்டர் வாய் விளிம்பின் கூர்மையையும் பாய் சீவிவிட்டிருந்தார். அதுதான் முந்தைய ரிங்கைக் கடித்தது. எண்ணெய் தடவி, சுத்தியல் இல்லாமல், கையாலேயே இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போனது.

காலை ஏழு: புரொப்பல்லரைத் தூக்கி நிறுத்தினேன். ஜாக் தண்டில் சாக்பீஸ் கோடு. வேடிக்கை பார்க்க இருநூறு பேர். எண்ணிப் பார்த்தால் பதினொன்று, ஒரு ஆடு.

பத்து: இறங்கவில்லை.

ஒன்று: இறங்கவில்லை. நண்டுக் குழம்பு. தட்டு இரண்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

நான்கு: மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். போடாமலே பார்த்திருக்கலாம்.

ஆறு: போன். சொல்ல வேண்டியது தயார்: மயிரிழைகூட இறங்கல. எடுத்தாள். பின்னால் பேரன் அழுகை. "ஓ, ஓ, தாத்தாடா கண்ணு" என்றாள். அந்தக் குரலில் தயார் பண்ணினது போய்விட்டது.

"ஒரு நகக்கண்ணு எறங்கிச்சு மல்லி."

"இன்னாது?"

"காலைல ஏழுல இருந்து. ஒரே ஒரு நகக்கண்ணு."

பேரனை யாரிடமோ கொடுக்கிற சத்தம்.

"அப்ப நெசமாவே குந்திகினு பாத்திருக்கே."

"ம்."

"நாளைக்கி வா. காத்து கெளம்பறதுக்கு முன்ன வந்துடு. அக்காகிட்ட மட்டும் இந்த நகக்கண்ணு கதைய சொல்லாத."

நாளைக்கு எடுத்துவைத்தது: டீசல். குடை. மெத்தை, உட்காரும் பலகைக்கு. வளையலில் ஜாக் எண்ணெய் போகவில்லை. சோப்பு போட்டாயிற்று, புளி போட்டாயிற்று. இன்னொரு தடவை தேய்க்கப் போகிறேன்.