ஆட்டு வாடை போகாத குடோன்

மேடம்,

நேற்று நல்ல மழை. குடோன் ஷட்டரைத் தூக்கியதும் ஈரச் சாக்கு வாடையோடு ஆட்டு வாடையும் கிளம்பி வந்தது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, தரையையும் பினாயில் போட்டுக் கழுவியாயிற்று. ஈரம் பட்டால் வந்துவிடுகிறது. கடை ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது நீங்கள் இங்கே தாசில்தார். நான் பழைய சாக்கு வாங்கி விற்கிறவன். ஸ்ரீரங்கத்தில் என் குடோன் மேட்டில் இருந்ததால்தான் நமக்கு அறிமுகமே. கரையோரக் குடிசைக்காரர்களை எல்லாம் பள்ளிக்கூட முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆடு வளர்க்கிற செல்லையா மட்டும் கணுக்கால் தண்ணீரில், ஆடுகளோடு தன் வாசலிலேயே நின்றார். முகாமில் ஆட்டுக்கு இடமில்லையாம். போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

“கைய எடுங்க” என்றீர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. செல்லையாவிடம் கேட்டீர்கள்: “ஏங்க வர மாட்டேங்கிறீங்க?”

“இதுங்கள விட்டுட்டு வந்தா, தண்ணி வடிஞ்சப்புறம் நான் எதுக்குங்க திரும்பி வரணும்?”

கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்தீர்கள்.

“உங்க குடோன்ல பாதி இடம் வேணும். சாக்க வெளிய அடுக்கித் தார்ப்பாய் போட்டுக்குங்க.”

“நனைஞ்சா நஷ்டத்த யாருங்க மேடம் குடுப்பா?”

“யாரும் குடுக்க மாட்டாங்க. ஆட்டுக்கு குடோன் எடுத்தேன்னு எழுதினா என்னையே கேள்வி கேப்பாங்க. இது ஆர்டர் இல்ல. உங்ககிட்ட கேக்கறேன்.”

‘பாத்துக்கலாம்’, ‘ஏற்பாடு பண்றேன்’ என்ற பேச்சை நம்பி ஏமாந்து ஏமாந்துதான் நான் வியாபாரம் கற்றேன். கிடைக்காது என்பதை முதலிலேயே சொன்ன அதிகாரி நீங்கள் ஒருவர்தான். சாவியை நீட்டிவிட்டேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

“ஆடு சாக்கத் தின்னுடும் மேடம்.”

“ஆடே ஆசைப்பட்ட சாக்குன்னு விலையேத்தி விப்பீங்க. உங்களுக்கா தெரியாது?”

செல்லையா சிரித்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேடேறினார். கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் தண்ணீர் மார்பளவுக்கு வந்துவிட்டது.

பிறகு உங்களுக்கு டீ கொண்டு வந்தேன். ஜீப்பில் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். போன் விடாமல் அடித்தது. “மேல கேட்டா வேண்டாம்பாங்க. அதான் கேக்கல” என்றீர்கள். போனை எடுக்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டீர்கள். சுற்றிலும் அத்தனை கூட்டம். அவ்வளவு தனியாக ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

மாற்றலாகிப் போன பிறகும் திருச்சி பக்கம் வந்தால் குடோனில் எட்டிப் பார்ப்பீர்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “வாடை போச்சா?”

நீங்கள் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. யார் சொல்வார்கள்? நான் உறவும் இல்லை, ஆபீஸ் ஆளும் இல்லை. மாலையோடு உங்கள் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். உள்ளே போய் யாரென்று சொல்லிக்கொள்வது? திரும்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் உதவி கேட்டு வருகிறவர்களிடம் என்னால் முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றால் குடோனில் பாதியைக் காலி செய்து வைக்கிறேன். கேட்டு யாரும் வருவதில்லை. நேற்றும் காலி செய்தேன். வெளியே ஜீப் சத்தம் கேட்டது, எழுந்து வந்து பார்த்தேன். வேறு யாரோ.

வாடை போகலைங்க மேடம்.