கன்னோனின் உதட்டில் முப்பத்தொரு பூச்சு

அன்பு மகள் ஷினோவுக்கு,

அம்மா நலம், முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. சாப்போரோ பனியில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும், காதை மூடாமல் வெளியே போகாதே. புளிக்க வைத்த ஏரி மீன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், நாற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்.

பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர் வந்து நம் ஊர்க் கோயில் கருணைத் தெய்வம் கன்னோனை மூன்று நாள் படுக்கப் போட்டார்கள். எண்ணூறு வருஷத்து மரச்சிலைக்கு எக்ஸ்ரே, ஊதா விளக்கு, என்னென்னவோ. என் முழங்காலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் காக்க வைத்தார்கள். முதல் நாள் இவர்கள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா, உள்ளே மரம் இருக்கிறதாம், மரத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதாம். ஒரு கோப்பை தேநீர் கொடுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் உதட்டுக்கு வந்தபோது என் கேலி நின்றுவிட்டது.

நீ என் வயிற்றில் இருந்த வருஷம் கோயில் சாவியை வீட்டுக்கு வீடு மாற்றி வைத்திருக்கும் முறை நம் வீட்டுக்கு வந்திருந்தது. திருவிழாவுக்குக் கதவைத் திறந்தால் கன்னோன் உதடு ஈரம் காயாத சிவப்பு. உன் அப்பா அந்த வாரம்தான் படகுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்தார். ஊர்த்தலைவர் தனிமுரா எல்லார் முன்னாலும் அப்பாவைப் பார்த்து, கெய்சாகு, தெய்வத்தின் வாயும் உனக்குப் படகு மூக்கும் ஒன்றா என்று கேட்டு சாவியைப் பிடுங்கினான். அதற்கப்புறம் முறை நம் வீட்டைத் தாண்டியே போனது. அப்பா சாகும் வரை திருவிழா அன்று ஏரியில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூடத்தில் அந்த நால்வரில் ஓசாகி என்ற பெண் திரையில் படம் போட்டாள். உதட்டிலிருந்து எடுத்த, எள்ளில் பாதி அளவு துணுக்காம், மலை மாதிரி தெரிந்தது. அடியில் பழைய தாதுச் சிவப்பு, அதன் மேல் குசும்பாப் பூவின் சிவப்பு, பெண்கள் உதட்டுக்குப் பூசுவது, முப்பது தடவை மெல்லிசாக, எல்லாவற்றுக்கும் மேலே கடையில் விற்கிற உதட்டுச்சாயம் ஒன்று. படகுச் சாயம் ஒரு துளியும் இல்லை என்றாள். முன்வரிசையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த தனிமுரா கிழம், இயந்திரம் பொய் சொல்கிறது என்றது. யார் பூசியிருப்பார்கள் என்று அந்தப் பெண் கேட்டதும் கிழவிகள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி எட்டாம் மாதத்தில் கன்னோனுக்குப் பூசி மிச்சத்தைத் தன் உதட்டில் பூசிக்கொண்டால் பிரசவம் சுகமாகும், ஆண்கள் காதில் விழுந்தால் பலிக்காது, அவரவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அத்தனை பேரும் அன்றைக்கு அப்பாவை நிற்க வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து மோச்சி அரிசி உருண்டை தின்றவர்கள்.

நான் எழுந்து, மேலே இருப்பது என்னுடையது, பூ வாங்க வழியில்லாமல் கடைச் சாயம் பூசினேன், கெய்சாகுவுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உடனே தனிமுராவின் பெண்டாட்டி ஃபுசா, கீழே என்னுடையது நான்கு இருக்கும் என்று முணுமுணுத்தாள். கிழம் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே அந்த விளக்குக்காரர்களுக்கு விருந்து வைக்கலாம்.

அப்புறம் அந்தக் கிழம், அன்றைக்கே ஏன் நீ சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டது. நீ பிறக்கும் வரை பயம், பிறந்த பிறகு வெட்கம். உன்னிடம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதும் பொய். திருவிழா அன்று வீட்டுக்கு வந்து என் விரலைப் பார்த்தார், நகத்தில் சிவப்பு இருந்தது. கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் படகுக்குப் போய்விட்டார்.

நேற்று தனிமுரா கிழமே சாவியைக் கொண்டு வந்தது. உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். அது தொங்கின ஆணியை நான் இத்தனை வருஷமும் பிடுங்கவில்லை.

உனக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும். மீனை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வை, உறைய விடாதே. ஆகஸ்டு திருவிழாவுக்கு லீவு இல்லை என்று சொல்லாதே. கோயில் கதவை நீதான் திறக்க வேண்டும். நான் திறக்க மாட்டேன்.

உன் அம்மா
தோமே