றுஸ்னாவின் ஒரிஜினல் சான்றிதழ்

2025 ஜூன் 16, திங்கள்

இருபத்தாறு பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். காலையிலிருந்து மழை. மணலில் விட முடியாததால் உள்ளேயே வைத்துக் கயிறு தாண்ட வைத்தேன். ஒருவன் தாண்டாமல் கயிற்றைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பத்தரைக்கு இரேஷா மிஸ் வந்தார். பிரதேச செயலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். வருடத்துக்கு ஒருமுறை வந்து, கழிவறையை எட்டிப் பார்த்து, ஒரு பணிஸ் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். இன்று முகமெல்லாம் சிரிப்பு. அரசாங்கக் கந்தோர்க்காரர் சும்மா சிரிப்பார்களா?

விஷயம் இதுதான். முன்பள்ளிகளில் டீச்சர்மார் நிற்பதில்லை. கல்யாணம் முடிந்ததும் போகிறார்கள், கார்மண்ட் பெக்டரிக்குப் போகிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த ஒரு புதுத் திட்டமாம். டிப்ளோமா உள்ளவர்களுக்கு மாதக் கொடுப்பனவு கூடும். அதே பள்ளியில் மூன்று வருடம் நிற்பேன் என்று கையெழுத்து வைத்தால் இன்னும் கூடும். ஆனால் ஒவ்வொரு முன்பள்ளியிலும் டிப்ளோமா உள்ள ஒருவராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியின் பதிவே சிக்கல். ஜூலை பதினைந்துக்குள் ஒரிஜினல் சான்றிதழைக் காட்டிப் பதிய வேண்டும்.

எங்களிடம் டிப்ளோமா உள்ளவள் என் உதவி டீச்சர் றுஸ்னா மட்டும்தான். இருபத்துமூன்று வருடமாக உக்குவளையில் இந்தப் பள்ளியை நடத்தும் என்னிடம் இருப்பது ஒரு ஆறுமாதப் பயிற்சிச் சான்றிதழ். அதிலும் ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது.

போகும்போது இரேஷா மிஸ் றுஸ்னாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும். காதோடு காதாகப் பேசினால் எந்தப் பாஷையும் விளங்காது.

ஜூன் 17

பிள்ளைகள் போன பிறகு றுஸ்னா கேட்டாள். "டீச்சர், என்ட டிப்ளோமா ஒரிஜினல் உங்கள்ட்டதானே இரிக்கு?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

தேடுவதற்கு என்ன இருக்கிறது. வீட்டு அலுமாரியில், காணி உறுதி வைத்திருக்கும் நீல ஃபைலுக்குள் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அவள் சேர்ந்த அன்றே நான்தான் வாங்கி வைத்தேன். "உங்கட வூடு ஒழுகும் புள்ள, என்ட கையில இரிக்கட்டும்" என்றேன். அது பொய் இல்லை, அவள் வீடு ஒழுகத்தான் செய்கிறது. முழு உண்மையும் இல்லை. அவளுக்கு முன்பிருந்தவள் ஒரு வெள்ளிக்கிழமை "திங்கள் வாறேன் டீச்சர்" என்று போனாள். திங்கட்கிழமை கட்டாரிலிருந்து போட்டோ அனுப்பினாள். அன்று ஒற்றை ஆளாக இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு நின்றேன். அதன்பிறகுதான் மஸீஹா டீச்சர் எனக்கு இந்த வழியைச் சொல்லித் தந்தாள். நாலந்தாப் பக்கம் அவளும் ஒரு பள்ளி நடத்துகிறாள். "ஒரிஜினல் நம்மட கையில இரிந்தா, போறவ சொல்லிட்டாவது போவா."

இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். யாரும் களவென்று சொல்லமாட்டார்கள்.

ஜூன் 20

இன்று றுஸ்னா அளவு நாடா கொண்டுவந்து வகுப்பறையை அளந்தாள். நீளம், அகலம், யன்னல். கொப்பியில் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு "சும்மா, தேவப்படும்" என்றாள். சும்மா யாராவது யன்னலை அளப்பார்களா? தனியாகப் பள்ளி தொடங்கப் போகிறாளோ. என் அறையின் அளவு அவளுக்கு எதற்கு?

அதோடு ஃபோன். வந்ததும் பலாமரத்தடிக்குப் போய்விடுகிறாள்.

ஜூன் 23

விளங்கிவிட்டது. மஸீஹா அழைத்துச் சொன்னாள். மாத்தளை டவுனில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகப் புதிதாக ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் திறக்கிறார்களாம். அதே திட்டத்தின் கீழ். டிப்ளோமா உள்ளவர்களைத் தேடுகிறார்களாம். "உங்கட புள்ளையப் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அரசாங்கத்தின் கெட்டித்தனம் இது. ஒரு கையால் டீச்சரை நிறுத்தக் காசு தருகிறார்கள், மற்றக் கையால் எங்கள் டீச்சரையே இழுத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 25

நேற்று றுஸ்னா அரைநாள் லீவு. இன்று கேட்டேன், நேற்று எங்கே போனாய் என்று.

"மாத்தளைக்கி டீச்சர். அம்மன் கோயில் பக்கம் ஒரு கடையில சட்ட தைக்கக் குடுத்தேன், எடுக்கப் போனேன்."

"தச்சிட்டாங்களா?"

"இல்ல, இன்னும் இல்ல."

பொய். அவள் பொய் சொன்னால் நெற்றி சுருங்கும். பிள்ளைகளுக்கு நரிக்கதை சொல்லும்போதும் அப்படித்தான்.

ஜூன் 27

றுஸ்னாவின் பை திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

உள்ளே இரண்டு விண்ணப்பப் போம். ஒன்று இதே பள்ளியில் நிற்பதற்கு. மற்றது மாத்தளை நிலையத்துக்கு. இரண்டிலும் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அவள் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக, பாட்டுப் பாடிப் பாடி. அவளைப் போலப் பிள்ளைகளைப் பார்ப்பவள் இந்த வட்டாரத்தில் இல்லை. பயிற்சி கொடுத்தது நான். கொண்டுபோவது வேறு யாரோ.

ஜூலை 1

மறுபடி கேட்டாள். "தேடினேன் புள்ள, கெடைக்கல்ல" என்று சொல்லிவிட்டேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரிஜினல் இல்லாவிட்டால் மாத்தளைக்குப் போக முடியாது. இங்கே நிற்கவும் பதிய முடியாது என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

அவள் கோபப்படவில்லை. "பள்ளி அலுமாரியில இரிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினாள். பழைய கடதாசிக் கிரீடங்கள், காய்ந்துபோன பசைப் போத்தல்கள், மீலாத் விழாவுக்குச் செய்த பிறைகள். தும்மித் தும்மித் தேடினாள். நான் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை நானும் எழும்பி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதை ஏன் செய்தேன்?

ஜூலை 2

வீட்டில் இவரிடம் சொன்னேன். மிளகு காய வைத்த பாயை உதறிக்கொண்டே கேட்டார். "அவட பேர் எழுதின தாள் ஒனக்கு என்னத்துக்கு நிஸா?"

"அவ போயிருவா."

"போனா போகட்டும். குடு."

ஆண்களுக்கு இலகு. காலை எட்டு மணிக்கு இருபத்தாறு பேர் இவர் மடியில் வந்து விழுவதில்லை.

ஜூலை 4, வெள்ளி

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரர் சசிக்குமார் இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"டீச்சர், நேத்து உங்க றுஸ்னா டீச்சர பொலிஸ்ல பாத்தேன். படியில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கையிலிருந்த ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை விழுத்திவிட்டேன்.

பொலிஸா? என்மேல் முறைப்பாடா? மூணு வருஷம் சோறு தண்ணி ஒண்டாத் திண்டவ. பெருநாளைக்கி அவவுக்கு எடுக்காம நான் சட்ட எடுத்ததில்ல. யா அல்லாஹ், ஊர்ல இனி எந்த மூஞ்சிய வச்சிப் போற? தாய்மார் என்ன சொல்லுவாங்க? களவாணி டீச்சர்ட பள்ளிக்கா புள்ளைய அனுப்புற? இரேஷா மிஸ்தான் சொல்லிக் குடுத்திருக்கணும். வாசல்ல வச்சிச் சொன்னது இதுதான். அன்டைக்கே நெனச்சேன்.

ஜூலை 5

பொலிஸ் வந்தால் முதலில் அலுமாரியைத்தான் பார்ப்பார்கள். சான்றிதழை எடுத்து அரிசிப் பீப்பாய்க்குள் வைத்தேன். எலி வந்தால்? எடுத்தேன். தொழும் முசல்லா விரிப்பின் கீழ் வைத்தேன். லுஹர் தொழுகைக்கு நின்றபோது காலுக்குக் கீழே அது இருப்பது தெரிந்தது. தொழுகையை முடித்ததும் எடுத்துவிட்டேன்.

மறுபடி நீல ஃபைல். நான் திருடி இல்லை. திருடி இல்லாதவள் இப்படி வீட்டைச் சுற்றுவாளா?

ஜூலை 7, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

றுஸ்னா வழமைபோல ஏழரைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தாள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி.

"கண்டியில டிப்ளோமா தந்த எடத்துக்கு ஃபோன் பண்ணினேன் டீச்சர். தொலைஞ்சதுக்குப் பொலிஸ் என்ட்ரி இரிந்தா வேற பிரதி தருவாங்களாம். ஆனா மூணு கெழமை போகுமாம். பதினஞ்சாந் திகதி தாண்டிரும்."

வாசித்தேன். சிங்களத்தில் இரண்டே வரி. மாத்தளை பஸ்ஸில் வரும்போது சான்றிதழ் தன் கையிலிருந்து தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். என் பெயர் எங்கும் இல்லை. பள்ளியின் பெயர்கூட இல்லை.

"பஸ்ஸிலயா புள்ள?"

என்னை நேராகப் பார்த்தாள். நெற்றி சுருங்கவில்லை.

"வேற எங்கண்டு எழுத டீச்சர்?"

அதற்குள் ஒரு பிள்ளை மூக்கு ஒழுக வந்து நின்றது. துடைத்துவிடப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். என்றிலிருந்தோ தெரியும். பள்ளி அலுமாரியைத் தேடியபோதே தெரிந்திருக்கும். பொலிஸில் போய்ப் பொய் எழுதியிருக்கிறாள், எனக்காக. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 8

கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு மேசையில் வைத்தேன். கண்டெடுத்தேன் என்று சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. அவள் பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இரிக்கு. உங்கட வூடு ஒழுகல்லதானே."

பிறகு நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். இரண்டு போம் எதற்கு என்று. பையைப் பார்த்ததை ஒத்துக்கொண்டது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"எல்லாரும் ரெண்டையும்தான் எடுத்தாங்க டீச்சர். மாத்தளைக்கி அதுக்குத்தான் போனேன். சொன்னா நீங்க தப்பா நெனப்பீங்கண்டு சட்டக் கத சொன்னேன். இங்க நிக்கிற போமுக்கு வகுப்பறை அளவு வேணுமுண்டு முன்னுக்கே ஃபோன்ல சொன்னாங்க, அதான் போம் எடுக்க முந்தியே அளந்தேன். அததான் நெரப்ப இரிந்தேன்." உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "போன மாசம் வரைக்கும்" என்றாள்.

இரேஷா மிஸ் வாசலில் என்ன சொன்னார் என்றும் கேட்டுவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"டிப்ளோமா இல்லாட்டியும், இருவது வருஷம் படிப்பிச்சவங்களுக்கும் ஒரு கொடுப்பனவு இரிக்காம். உங்களுக்கு அந்த போம நெரப்பிக் குடுக்கச் சொன்னாங்க. கறையான் திண்ட சர்டிபிகட்டப் பத்தி எல்லார் முன்னுக்கும் கேட்டா நீங்க வெக்கப்படுவீங்கண்டுதான் மெதுவாச் சொன்னாங்க."

ஜூலை 10

பௌர்ணமி, போயா லீவு. நாள் முழுவதும் அலுமாரியைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

றுஸ்னா மாத்தளைப் போமை நிரப்பிக் கொண்டுவந்தாள். விடுவிப்பதற்குத் தலைமை ஆசிரியையின் கையெழுத்து வேண்டும்.

"இங்கயே நில்லு புள்ள" என்றேன். இந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. தாளை ஒளித்து வைத்தேனே தவிர வாயால் கேட்டதில்லை.

அழுதாள். நானும்தான். "ஏலா டீச்சர், இங்க நிக்க ஏலா. இனி ஒரு சாமான் காணாமப் போனா ஒங்கட மொகத்தத்தான் பார்ப்பேன். நீங்களும் என்ட பையப் பார்ப்பீங்க."

கையெழுத்து வைத்தேன். பேனை ஒருமுறை எழுதவில்லை, உதறிவிட்டு வைத்தேன்.

பள்ளியின் பதிவுக்கு இரேஷா மிஸ் இரண்டு மாதத் தவணை தந்தார். திட்டத்தில் புதிதாகப் பதிந்தவர்களில் ஒருத்தியை அனுப்புவாராம். அனுப்புவாரா என்று சந்தேகம்தான்.

ஜூலை 31

றுஸ்னாவின் கடைசி நாள். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. கைகழுவும் பாட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 13

தனியாக இருபத்தாறு பேர். பாட்டு எனக்குச் சரியாக வருவதில்லை. பிள்ளைகள் திருத்துகிறார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

அனுப்பிவிட்டார்கள். பெயர் அம்றா. இருபத்திரண்டு வயது, டிப்ளோமா இந்த வருடம்தான் முடித்தவள். வாசலில் நின்றபடியே ஒரு ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஒரிஜினல் எல்லாம் கொண்டுவந்தேன் டீச்சர். எல்லா முன்பள்ளியிலயும் வாங்கி வைப்பாங்கண்டு உம்மா சொன்னாங்க. வச்சிக்கொள்ளுங்க."

கனமான ஃபைல். வாங்கினேன். ஒரு நிமிடம் கையில்தான் இருந்தது, அதை இங்கே எழுதாமல் மறைக்கவில்லை.

பிள்ளைகள் போனதும் அவளைச் சந்தியில் உள்ள போட்டோகொபிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரதிகளை நான் எடுத்துக்கொண்டேன். ஒரிஜினலை என் கண்முன்னே அவளுடைய பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடச் சொன்னேன்.

மூடினாள். ஆனால் இந்த டீச்சர் என்ன திட்டம் போடுகிறாளோ என்பதுபோல என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் உம்மாவிடமும் சொல்லியிருப்பாள்.

சொல்லட்டும். நாளைக்கும் வருகிறாளா என்று காலையில் பார்க்கலாம்.