முன் இடது வீல்

ஐப்பசி 4, வியாழன்
காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

தங்கை பேச்சியம்மாளின் மகன் சரவணன் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கி வந்து வாசலில் ஹாரன் அடித்தான். பூப்பாறைப் பக்கம் யாரோ விற்றதாம். வாங்கிய பிறகு காட்டுகிறான். பாதி ஆயுள் போடிமெட்டு மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டியவன் நான். எந்தப் பட்டறையிலும் படிக்கவில்லை, கழற்றி மாட்டியே கற்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலையடிவாரத்து முந்தல் வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் முதல் மிதியில் தரைக்குப் போகிறது. இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சு மாப்ளே. வண்டிய நிப்பாட்டு."

"பிரேக்குல காத்து ஏறியிருக்கும் மாமா. திங்கக்கெழமை மேட்டுக்கு ஆள் ஏத்தணும். ஏலக்காய் எடுப்பு நடக்குதுல்ல."

ஆள் என்றால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற, வண்டி கொள்ளாத பெண்கள். முன் சீட்டில் பேச்சியம்மாள்.

ஐப்பசி 5, வெள்ளி
மழை இல்லை. மத்தியானம் வரை கரண்டும் இல்லை.

மிதி இன்று கல்லு மாதிரி நிற்கிறது. "பாத்தீகளா, சரியாயிருச்சு" என்கிறான். ஒரே ராத்திரியில், ஒரு சாமான் வாங்காமல், எப்படி? கேட்டால் சிரிப்பு.

ஓட்டினேன். பிரேக் போட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது வலப்பக்கம் பள்ளமாக எத்தனை வளைவு! எழுதவே ஆத்திரம்.

டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஸ்டியரிங்கக் கொஞ்சம் இடது பக்கம் பிடிச்சா முடிஞ்சது சோலி. மாமாவுக்கு வண்டிய விட்டுட்டு வீட்ல இருக்க முடியல, அதான் பேசிக்கிட்டே இருக்காக."

கடைக்காரர் வேறு: "பெரியவருக்கு ஒரு டிரிப்பு குடுத்துருப்பா, வாய் நிக்கும்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஐப்பசி 7, ஞாயிறு
நல்ல வெயில். தங்கை வீட்டார் தேவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். ஜீப்பு சந்தில் நின்றது.

பேட்டரியை எடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பயனில்லை. இங்கே எவனும் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துவான், தள்ளி எடுத்துவிடுவான். ஆகவே ஜாக்கி வைத்து முன் இடது வீலைக் கழற்றி, அடியில் கல் முட்டுக் கொடுத்தேன். ஸ்டெப்னியை மாட்டுவான், ஆகவே நட்டுகளும் என் பையில்.

வீல் போன பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த வீலுக்குப் போகிற பிரேக் குழாயை மடக்கி, சுத்தியலால் நசுக்கி அடைத்திருக்கிறது. சுற்றிலும் பழைய சேறு, மடக்கிய இடம் மட்டும் புதுச் செம்பாகப் பளபளப்பு. ஆகவே பூப்பாறைக்காரன் வேலை அல்ல. வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் ஒழுகியிருக்கிறது. ஒழுகுகிற வீலையே துண்டித்து, மூன்று வீல் பிரேக்கில் பெண்களை இறக்கப் பார்த்திருக்கிறான்.

மாஸ்டர் சிலிண்டர் என்று நான் சொன்னது தப்பு. இருக்கட்டும். நிப்பாட்டு என்றது தப்பில்லை.

வீலை உருட்டி வந்தேன். "என்ன பெரியவரே, ஒத்தை வீல்ல ஊர்வலமா?" டீக்கடைக்காரர்தான்.

சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தாள். "ஊரு சிரிக்குதுண்ணே. வீலக் களவாங்குற வயசா இது? குடு."

"நாளைக்கு எந்த சீட்டு நீ?"

"எம் மகன் வண்டில முன் சீட்டுதான்."

ஜீப்புக்குக் கூட்டிப் போய்க் குழாயைக் காட்டினேன். சரவணனும் அங்கேதான் நின்றான். புரிய வைத்தேன். மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயாடா மடக்குன?"

"மூணு வீல் பிடிக்குதுல்லம்மா. மேட்டு வண்டி பாதி இப்படித்தான் ஓடுது."

அவனைத் திட்டுவாள் என்று பார்த்தேன். என்னிடம்தான் திரும்பினாள். "வீட்டுக்குள்ள வச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. வீலத் தெருவுல உருட்டிக்கிட்டுப் போகணுமா?"

நல்லதுக்குக் காலமில்லை.

ஐப்பசி 8, திங்கள்
வானம் மூடாக்கு. கூடையோடு வந்த பெண்கள் கல்லின் மேல் நிற்கும் ஜீப்பைப் பார்த்துவிட்டு வேறு வண்டியில் தொங்கிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி எத்தனை வீலில் பிடிக்கிறதோ. "நாளைக்கும் வரலேன்னா வேற ஜீப்பு பாத்துக்குவோம்" என்று தோட்டத்துக் கங்காணி சரவணனிடம் சொன்னாராம்.

சரவணன் தேனிக்குப் போய்ப் புது வீல் சிலிண்டரும் குழாயும் வாங்கி வந்து, அவனே மாட்டினான். பிறகு குழாயில் ஏறிய காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே காற்றுத் திருகைத் திறக்க. ஞாயிறு முதல் எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் இந்த வேலையை வாய் திறக்காமல் செய்ய முடியாது. என் வாசலில் வந்து நின்றான். என் முழங்காலுக்கு சீட்டுதான் சரி, மிதிக்க உட்கார்ந்தேன்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

"விடுங்க."

இருட்டும் வரை இவ்வளவுதான். மாமா என்ற வார்த்தை ஒரு தடவை கூட வரவில்லை. நானும் மாப்ளே என்று சொல்லவில்லை. வீலையும் நட்டுகளையும் கொடுத்தேன். அவன் முறுக்கிய பிறகு நான் ஒரு தடவை முறுக்கினேன். பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசி 9, செவ்வாய்
மேட்டில் மழை, கீழே இல்லை. மத்தியானம் பஸ் ஏறி முந்தலுக்கு வந்தேன். வேறு சோலி இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஜீப்பு இறங்கி வந்தது. பின்னால் தொங்கல் வரை பெண்கள், ஒரே சிரிப்பு. என்னைக் கண்டு பிரேக் போட்டான். வண்டி நேராக நின்றது. அவன் கையை மட்டும் பார்த்தேன். ஸ்டியரிங்கை எந்தப் பக்கமும் பிடிக்கவில்லை.

பேச்சியம்மாள் முன் சீட்டில் நகர்ந்து இடம் விட்டாள். "ஏறுண்ணே."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ்சு வரும். போங்க" என்றேன்.

போய்விட்டார்கள். நிழற்குடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தைலம் இன்னும் வாங்கவில்லை. பஸ்சைக் காணோம்.